மண்ணறிந்து கருவி கொள்ளல்

நெல்லியாளத்தையும் அதனை அடுத்த தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளையும் சுற்றி வருபவர்கள், தேயிலைச் சரிவுகளுக்கும் காட்டுப் புதர்களுக்கும் நடுவே, ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் பொன்னாசையால் குடையப்பட்டுப் பின் கைவிடப்பட்ட சுரங்கங்களின் வாய்களை இன்றும் காணலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்க இலாகாவின் காரியதரிசியாக இருந்த ராபர்ட் பிரஃப் ஸ்மித் 1879-ல் இங்கு வந்து பாறைகளை ஆராய்ந்து நம்பிக்கையூட்டும் அறிக்கை அளித்ததும், அதை நம்பி லண்டனில் நாற்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் பங்கு திரட்டியதும், சில ஆண்டுகளுக்குள் அவை சரிந்து போனதும் இந்நிலத்தின் சரித்திரம். ஆசை மட்டும் அணையவில்லை. இந்த மண்ணுக்கு எந்த மெட்டல் டிடெக்டர் ஏற்றது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு முறையான விடை வேண்டும்.

இப்பகுதியை உள்ளடக்கிய வயநாட்டின் பொன்வேட்டை உச்சத்திலிருந்த 1881-ஆம் ஆண்டிலேதான், டெலிபோனை உலகுக்கு அளித்த கிரகாம் பெல், சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலில் தங்கிய குண்டைத் தேடுவதற்காக, மின்காந்தத் தூண்டலால் இயங்கும், மெட்டல் டிடெக்டரின் முன்னோடியான ஒரு சாதனத்தை அவசரமாகச் செய்து எடுத்துச் சென்றார். சோதனைகளில் செம்மையாக வேலை செய்த அக்கருவி, நோயாளியின் படுக்கையருகே குழம்பிற்று. மெத்தைக்குள் இருந்த எஃகுக் கம்பிச் சுருள்கள் அதற்கு ஒரு காரணம் என்பது பின்னரே தெரிய வந்தது. குண்டு அகப்படாமலே செப்டம்பரில் ஜனாதிபதி உயிர் நீத்தார். பெல்லுக்கு அந்த மெத்தை எப்படியோ, நெல்லியாளத்தில் தேடுபவனுக்கு இந்தச் செம்மண் அப்படி.

மெட்டல் டிடெக்டரின் நுனியிலுள்ள வட்டச் சுருளில் பாயும் மாறுமின்னோட்டம் தன்னைச் சுற்றி ஒரு காந்தப் புலத்தை எழுப்புகிறது. அப்புலம் மண்ணிலுள்ள உலோகத்தைத் தொட்டதும் அதனுள் சுழல் மின்னோட்டங்கள் பிறக்கின்றன. அவை திருப்பி அனுப்பும் மெல்லிய புலத்தை மற்றொரு சுருள் வாங்கி ஒலியாக்குகிறது. சிறு பொருளின் ஆழம் இருமடங்கானால் திரும்பி வரும் சமிக்ஞை அறுபத்துநான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பதால், புதையல் பத்தடி ஆழத்தில் பேசும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. இவ்வளவு பலவீனமான குரலுக்கு மேலே மண்ணின் கூச்சல் எழுகிறது. யுகயுகமாகப் பெய்த மழை மற்ற உப்புகளையெல்லாம் கரைத்துக்கொண்டு போக, எஞ்சிய இரும்பு ஆக்ஸைடுகளே இம்மலைச் சரிவுகளுக்குச் செந்நிறம் தருகின்றன. அவற்றுள் காந்தத் தன்மை உடைய துகள்கள், சுருளை அசைத்த போதெல்லாம் உலோகம் இருப்பதுபோல் பொய்ச் சாட்சி சொல்லும்.

ஆகையால், மண்ணின் ஒலியை விலக்கிவிடும் நிலச் சமன் வசதி இல்லாத மலிவுக் கருவி இங்கே பிரயோசனப்படாது. அவ்வசதி உடையவற்றிலும், ஒற்றை அதிர்வெண்ணில் இடைவிடாது புலம் எழுப்பும் வகை இரும்பையும் பிற உலோகங்களையும் ஓரளவு பிரித்தறியுமாயினும் செம்மண்ணில் ஆழம் இழக்கும். துடிப்பு துடிப்பாகப் புலத்தை எழுப்பி, அது அடங்கிய பின் செவிசாய்க்கும் வகை மண்ணைப் பெரும்பாலும் மன்னித்துவிடுமாயினும் ஆணியையும் ஆபரணத்தையும் நன்கு வேறுபடுத்தாது. தேயிலைத் தோட்டத்தில் இது சிறிய குறையன்று. பழைய பெட்டிகளின் தகடும் ஆணியும், மாத்திரை உறையின் அலுமினியத் தாளும் அங்கே எங்கும் புதைந்திருக்க, அந்தத் தாள் எழுப்பும் ஒலியோ சிறு பொன்மணியின் ஒலியை மிகவும் ஒத்திருக்கும். நெருங்கிய செடிகளுக்கிடையே அகன்ற சுருளை வீசவும் இடமிராது. சிறு சுருளும், நுண்பொருளுக்கு உகந்த உயர் அதிர்வெண்ணும் கொண்ட கருவியே இங்கு ஏற்றது என்பது என் அபிப்பிராயம்.

ஆனாலும் பொன் தேடுவதற்கென்றே வாங்குபவர்களிடம் ஒன்றை மறைக்கலாகாது. பிரஃப் ஸ்மித் எந்த விக்டோரியாவிலிருந்து வந்தாரோ, அங்கே 1980-ல் ஒருவர் இத்தகைய கருவியால் 27 கிலோ எடையுள்ள ஒரே பொற்கட்டியைக் கண்டெடுத்தார். வயநாட்டுப் பொன் அந்த ஜாதியைச் சேர்ந்ததன்று. வெண்மையான படிகக்கல் நரம்புகளுக்குள், ஒரு டன் பாறைக்குச் சில கிராம் என்ற அளவில் கண்ணுக்கெட்டாத துகளாகச் சிதறிக் கிடப்பது. எந்தச் சுருளும் அதன் குரலைக் கேட்காது. பணியரும் குறும்பரும் ஓடை மணலை மரத்தட்டிலிட்டு அலசி, கனத்தது அடியில் தங்கும் என்ற விதியால் பொன்னைப் பிரித்தார்களே, அந்த முறையே துகளுக்கு உரியது. லண்டன் கம்பெனிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் இந்நிலத்தைச் சரியாக அறிந்திருந்தார்கள். இன்றோ அரசின் அனுமதியின்றிக் கனிமம் எடுப்பது குற்றம். பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் அகப்பட்டால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. மழையில் ஊறிச் சரியக் காத்திருக்கும் பழைய சுரங்கங்களுக்குள் எக்கருவியோடும் நுழையவே கூடாது.

தொலைந்த மோதிரத்தையோ மண்ணுக்குள் மறைந்த குழாயையோ தேடுவதற்காக வாங்குபவர், கடைக்குப் போகும்போது தம் நிலத்து மண்ணை ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய எடுத்துச் செல்லட்டும். முதலில் வெறும் மண்ணின்மேல் சுருளை ஏற்றி இறக்கிக் கருவியைச் சமன் செய்யச் சொல்லி, அது மௌனமாகிறதா என்று கேட்க வேண்டும். பின்பு வீட்டிலிருந்து கொண்டுவந்த மூக்குத்தியை நாலு விரற்கடை ஆழத்தில் புதைத்து, மறுபடியும் சுருளை மெல்ல நகர்த்திக் கேட்க வேண்டும்.