கணக்குக் காட்டச் சொன்ன ஊர்

காஞ்சிபுரத்துக்கு வேன் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் கோயில்களைச் சேவித்து, பட்டு வாங்கி, மதியச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துவிடுகிறார்கள். உத்திரமேரூருக்கு வந்தால், வைகுண்டப் பெருமாள் கோயிலின் குடவோலைக் கல்வெட்டு முன் ஒரு செல்ஃபி. அரை மணியில் வண்டி கிளம்பிவிடும். ஊருக்கு மிஞ்சுவது டீக்கடைக் காசும் காலி தண்ணீர் பாட்டிலும்தான்.

இத்தனைக்கும் அதே ஊரில் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. பல்லவர் காலத்து மூன்று தள விமானம். கீழே நின்ற கோலம். படியேறினால் வீற்றிருந்த கோலம். அதற்கும் மேலே கிடந்த கோலம். சுற்றிலும் உள்ள அச்சுதர், அநிருத்தர், யோக நரசிம்மர் முதலானவர்களையும் சேர்த்தால் நவமூர்த்திகள். அவசரத்தில் சேவிக்கிற கோயில் இல்லை இது. பக்கத்திலேயே திருப்புலிவனத்தில் வியாக்ரபுரீஸ்வரர். ஒரு நாள் தங்கிப் பார்க்க இது போதும். தங்கினால்தான் சாப்பாட்டுக் கடைக்கும் ஆட்டோவுக்கும் பூக்காரம்மாவுக்கும் நாலு காசு.

ஆனால் ஆன்மிகச் சுற்றுலா மேம்பாடு என்றதும் நம்மவர்களுக்கு அலங்கார வளைவும் சிமென்ட் தரையும்தான் நினைவுக்கு வருகின்றன. இந்த ஊருக்கு யோசனை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை; வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலேயே இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். ஊரின் வார்டுகளான 30 குடும்புகளிலும் தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்கள் மட்டுமே நிற்க முடிந்த தேர்தல்தான். அதை மறைக்க வேண்டாம். எனக்குப் பிடித்தது வேறொரு விதி: ஊர்க் குழுவான வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்கக் கூடாது, அவருடைய உறவினரும் கூடாது!

அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம், ஆறு பேர். கோயிலுக்கு இணையாக ஏரியையும் கவனித்த ஊர்ச் சபை அது. பல்லவன் தந்திவர்மனின் பட்டப்பெயரால் வயிரமேகத் தடாகம் என்று வழங்கிய ஏரி. வருகிறவர்கள் குடிக்கிற தண்ணீரும், அவர்கள் போடுகிற குப்பையும் கடைசியில் ஏரியின் கணக்கில்தான் ஏறும்.

உத்திரமேரூர்ப் பேரூராட்சிக்கு ஒரு வேண்டுகோள். வெளியூர் வண்டிகளிடம் நிறுத்தக் கட்டணம் தாராளமாக வாங்குங்கள். அதில் ஏரிக்கு எவ்வளவு, குப்பை அள்ள எவ்வளவு என்று மாதாமாதம் ஒரு பலகையில் எழுதி, கல்வெட்டுக் கோயிலுக்கு எதிரிலேயே வையுங்கள்.