பாஸ் பாடம் நடத்தும்போது முதலாளி எங்கே இருக்க வேண்டும்?

மாத்தளையில் ஹாட்வெயார் கடை நடத்தும் எனக்கு வயரிங் பாஸ்மாரோடு நீண்ட காலப் பழக்கம். சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் ஊர் வியாபாரிகள் நான்கு பேர் சேர்ந்து, சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திய பிள்ளைகளுக்காக வீட்டு மின் வயரிங் வகுப்பொன்றை ஆரம்பித்தோம். எனது கடையின் மேல்மாடியை அதற்குக் கொடுத்தேன். கற்பிப்பதற்கு முப்பது வருட அனுபவமுள்ள ஒரு பாஸைப் பிடித்தோம். அவர் வயரிங் செய்த வீட்டில் யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

பன்னிரண்டு பிள்ளைகள், ஆறு மாதம். முடிவில் பாஸ் "எல்லாரும் பாஸ்" என்றார். நாங்கள் சான்றிதழ் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, சிற்றுண்டியும் கொடுத்து அனுப்பினோம்.

இரண்டு மாதம் செல்லவில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் கலேவெலயில் ஒரு வீட்டில் வேலை செய்யும்போது மின்சாரம் தாக்கி ஏணியிலிருந்து விழுந்தார். கை முறிந்தது. உயிர் தப்பியது அல்லாஹ்வின் அருள். வைத்தியசாலையில் அவரைப் பார்க்கப் போன நான், "மெயின் சுவிட்சை ஏன் தம்பி ஓஃப் பண்ணவில்லை?" என்று கேட்டேன். "பாஸும் ஓஃப் பண்ண மாட்டாரே ஹாஜியார்" என்றார்.

பிறகு அந்தப் பிள்ளையின் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். முதல் நாள் பாடத்திலேயே "மெயினை அணைத்த பின்னரே வேலை" என்று எழுதப்பட்டிருந்தது. பாஸ் சரியாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆனால் பழகுவதற்கென்று வேலைத்தளத்துக்குக் கூட்டிச் சென்றபோது, வீட்டுக்காரர் அவசரப்படுத்தினால் மின்சாரம் இருக்கும்போதே வேலையை முடித்திருக்கிறார். பிள்ளைகள் கொப்பியில் இருந்ததை விட்டுவிட்டுக் கண்ணால் கண்டதைக் கற்றுக்கொண்டார்கள்.

இதில் பாஸை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. அவருக்கு வயரிங் தெரியும், கற்பிக்கத் தெரியாது. அதை யாரும் அவருக்குப் பழக்கவில்லை. அந்த ஆறு மாதத்தில் ஒரு நாளாவது நான் மேலே போய் ஒரு பாடம் முழுவதும் உட்கார்ந்து பார்த்ததில்லை. கடையில் நிற்கும் சேல்ஸ்மேனை நாள் முழுக்கக் கவனிக்கிறோம். பிள்ளைகளை ஒப்படைத்த மனிதரை நாங்கள் கவனிக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நாங்கள் அறியாமல் செய்த இன்னொரு பிழையையும் சொல்ல வேண்டும். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தொழிற்பயிற்சி நடத்தும் தனியார் நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்துகொள்ள வேண்டும். நாங்கள் பதியவில்லை. ஆகவே எங்கள் சான்றிதழுக்கு எங்கள் கடைத்தெருவுக்கு வெளியே மதிப்பிருக்கவில்லை. நாட்டில் செல்லுபடியாவது தேசிய தொழில் தகைமைச் சான்றிதழே. அது ஏழு மட்டங்களைக் கொண்டது. அதற்கான பரீட்சையை நடத்துபவர் ஆணைக்குழுவில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர். கற்பித்தவரே "எல்லாரும் பாஸ்" என்று சொல்லி முடிக்க அங்கே இடமில்லை.

அவுஸ்திரேலியாவிலும் பயிற்றுநர் தகைமை இல்லாத தொழில் வல்லுநர்களை வகுப்பில் பயன்படுத்துகிறார்கள். குளிரூட்டி, ஹைபிரிட் வாகனம் போன்றவற்றில் புதிய வேலையை நன்கு அறிந்தவர் பெரும்பாலும் கராஜில்தான் இருக்கிறார் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் அவர் தகைமையுள்ள பயிற்றுநர் ஒருவரின் வழிகாட்டலில்தான் கற்பிக்கலாம். ஒரு மாணவர் தேர்ச்சி பெற்றாரா இல்லையா என்ற தீர்ப்பு அவருடைய கையில் இல்லை.

ஜேர்மனியின் அனுபவமும் நமக்குப் பாடம். அங்கே தொழிலாளிகளைப் பழக்கும் நிறுவனத்தில், கற்பிக்கத் தகுதியுண்டு என்று பரீட்சையில் தேறிய ஒருவர் இருக்க வேண்டும். பயிற்சி இடங்களைக் கூட்டுவதற்காக 2003இல் அந்த விதியை இடைநிறுத்தினார்கள். தகைமையுள்ள பயிற்றுநர் இல்லாத இடங்களில் இடையில் விலகும் பிள்ளைகள் அதிகம் என்பது ஆய்வில் தெரிந்தது. 2009 ஆகஸ்டில் விதியை மீண்டும் கொண்டுவந்தார்கள்.

எப்படி மேற்பார்வை செய்வது?

அந்த விபத்துக்குப் பிறகு வகுப்பை மூடிவிடலாம் என்றே நினைத்தோம். பிள்ளையின் தகப்பன்தான் "மூடாதீங்க, ஒழுங்காச் செய்யுங்க" என்றார். இரண்டாம் முறை முதலில் பதிவுக்கு விண்ணப்பித்து, ஓய்வுபெற்ற தொழில்நுட்பக் கல்லூரிப் போதனாசிரியர் ஒருவரை மேற்பார்வைக்கு அமர்த்தினோம். அவரிடம் நான் கற்றவை இவை.

முதலாவது, பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். ஆணைக்குழுவின் தேசிய தேர்ச்சி நியமங்களில் ஒவ்வொரு தொழிலும் அலகு அலகாக எழுதப்பட்டிருக்கிறது. பாஸின் மனதில் இருப்பது வேலையின் ஒழுங்கு, கற்பவரின் ஒழுங்கு வேறு. ஆகவே ஒவ்வொரு நாளும் பாஸிடம், "இன்று வகுப்பு முடியும்போது பிள்ளை தனியாக என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். பதில் ஒரு வரியில் வராவிட்டால் பாடம் ஆயத்தமில்லை.

இரண்டாவது, வாரம் ஒரு பாடமாவது பின்வரிசையில் முழுமையாக உட்காருங்கள். பாஸின் கையைப் பார்க்க வேண்டாம், பிள்ளைகளின் கைகளைப் பாருங்கள். நான் உட்கார்ந்த முதல் பாடம் இரண்டு மணித்தியாலம். அதில் ஒன்றரை மணித்தியாலம் குறடு பாஸின் கையிலேயே இருந்தது. பிள்ளை தடுமாறினால் இரக்கப்பட்டுத் தானே செய்து கொடுத்துவிடுவார். நல்ல மனிதர் செய்யும் பிழை அது.

மூன்றாவது, கண்ட குறையைப் பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூடாது. வகுப்பு முடிந்து தேநீர் குடிக்கும்போது, ஒரு நாளைக்கு ஒரு குறை மட்டும். "பாஸ், நாளைக்கு நீங்க குறட்டைத் தொடாம வாயால மட்டும் சொல்லிப் பாருங்க" என்றார் எங்கள் மேற்பார்வையாளர். பாஸ் சிரித்தார். ஆனால் செய்து பார்த்தார்.

நான்காவது, வேலைத்தளத்துக்கும் போக வேண்டும். வகுப்பில் எல்லாரும் ஒழுங்காகத்தான் இருப்பார்கள். வீட்டுக்காரர் அவசரப்படுத்தும் இடத்தில்தான் பாஸின் பழைய பழக்கம் வெளியே வரும்.

ஐந்தாவது, ஒரு பதிவுப் புத்தகம். திகதி, பாடம், எந்தப் பிள்ளை தானே செய்தது, எது பார்த்துக்கொண்டு மட்டும் நின்றது, மேற்பார்வையாளரின் கையெழுத்து. கடையில் கடன் கொப்பி எழுதும் நமக்கு இது புதிய வேலையல்ல.

என்னைப் போலத் தொழில் தெரியாதவர் கற்பிக்கும் முறையைக் கவனிக்கலாம். வேலை சரியா பிழையா என்று சொல்லத் தொழில் தெரிந்த ஒருவர் வேண்டும். எங்கள் மேற்பார்வையாளர் மாதம் நான்கு தடவை வந்தார். பாஸுக்குக் கொடுத்ததில் கால்பங்குதான் அவருக்குச் செலவானது.

பாஸையும் உயர்த்த வேண்டும்

மேற்பார்வை என்பது பாஸின் தலைக்கு மேல் எப்போதும் நிற்பதல்ல. ஒரு நாள் அது தேவையில்லாமல் போக வேண்டும். கடதாசி இல்லாத அனுபவசாலிகளுக்கு, அவர்களின் முன்னைய அனுபவத்தை அங்கீகரித்துத் தொழில் தகைமை கொடுக்கும் முறை நம் நாட்டில் உண்டு. செய்த வேலைகளின் படங்கள், வாடிக்கையாளர் கடிதங்கள் முதலியவற்றைக் கோவையாக்கி, மதிப்பீட்டாளர் முன் வேலை செய்து காட்ட வேண்டும். "இந்த வயசில எனக்குப் பரீட்சையா முதலாளி?" என்று எங்கள் பாஸ் மூன்று மாதம் தட்டிக் கழித்தார். கடைசியில் போய் நான்காம் மட்டச் சான்றிதழோடு வந்தார். அடுத்தது கற்பிக்கும் பயிற்சி. இரத்மலானையில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தொழில்சார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வேலைகளில் பயிற்றுநர்களைப் பயிற்றுவிப்பதும் ஒன்று.

வகுப்பு நடத்தாத வியாபாரிகளுக்கும் இது பொருந்தும். 1971இல் தேசிய பயிலுநர் சபை தொடங்கிய காலம் முதல் நம் நாட்டில் பிள்ளைகள் கராஜ்களிலும் வேலைத்தலங்களிலும் பயிலுநராகச் சேர்ந்து வருகிறார்கள். இன்று அதை நைற்றா நிறுவனம் நடத்துகிறது. அதன் பரிசோதகர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் அந்தப் பிள்ளையைப் பழக்குவது உங்கள் பாஸ், பாஸைக் கவனிக்க வேண்டியவர் நீங்கள்.

கை முறிந்த பிள்ளை குணமாகி இரண்டாம் வகுப்பில் மீண்டும் வந்து சேர்ந்தார். உக்குவெலயில் ஒரு வீட்டு வேலைக்கு நானும் கூடப் போயிருந்தேன். வீட்டுக்காரர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்ச நேரம் பொறுங்க, நாடகம் முடியட்டும்" என்றார். பாஸ் ஏணியை மடக்கி வைத்துவிட்டு, "நாடகம் முடிஞ்ச பிறகு மெயினை ஓஃப் பண்ணி வேலையைத் தொடங்குவோம்" என்று சொல்லி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளும் அவரோடு உட்கார்ந்தார்கள். அரை மணித்தியாலம் வீணாகிவிட்டதே என்று எனக்கு அன்று தோன்றவில்லை.