ஆயில் இஞ்சினைப் பிரித்துக் கட்டுகையில் பிஸ்டன், ரிங் இடைவெளிகளைச் சோதித்தல்

கிணற்றுப் பாசனத்திற்கு ஆயில் இஞ்சினை நம்பியுள்ள விவசாயிகள், அது வலுக்குன்றிப் புகை கக்கத் தொடங்கியதும், பிரித்துப் புதிய பிஸ்டனும் ரிங்குகளும் பூட்டிக் கட்டுவது வழக்கம். இவ்வாறு பணம் செலவிட்டுக் கட்டிய இஞ்சின் சில தினங்களிலேயே இறுகிப் பிடித்து நின்றுவிடுவதும், முன்போலவே எண்ணெயைக் குடிப்பதும் உண்டு. இதற்குச் சாமான்களின் மட்டமே காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் சாமான்கள் நல்லவையாக இருந்தும், பூட்டுமுன் இடைவெளிகளை அளந்து பாராமையால் இக்கேடு விளைவதுண்டு. அளப்பதற்கு ஒரு மணி நேரமே செல்லும். நெல் கதிர் வாங்கும் தருணத்தில் இஞ்சின் நான்கு நாள் நின்றால் ஏற்படும் நஷ்டமோ ஈடு செய்யக்கூடியதன்று. ஆகையால் இஞ்சினுக்குடையவர் பட்டறையில் அருகிருந்து, பின்வரும் நான்கு அளவுகளையும் எடுக்கச் செய்து பார்த்தல் வேண்டும்.

இடைவெளி ஏன் வேண்டும்?

உலோகங்கள் சூடேறினால் பருக்கும். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு பருக்கும் தன்மையுடையது. 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியப் பிஸ்டன் 100 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் ஏறினால் சுமார் 0.16 முதல் 0.18 மி.மீ. வரை பருக்கும், அதே உஷ்ணத்தில் இரும்பு லைனர் சுமார் 0.09 மி.மீ. மட்டுமே விரியும். அன்றியும், லைனரின் வெளிப்புறத்தைத் தண்ணீர் குளிர்விக்கிறது. பிஸ்டனோ நெருப்பை நேரே எதிர்கொள்கிறது. குளிர்ந்த நிலையில் போதிய இடம் விடாவிடில், பாரம் ஏறியதும் பிஸ்டன் லைனரைக் கவ்விக்கொள்ளும்.

1. பிஸ்டனுக்கும் லைனருக்கும் உள்ள இடைவெளி

பிஸ்டன் முற்றிலும் வட்டமான உருளையன்று. அதன் தலைப்பாகம் அடிப்பாகத்தைவிடச் சிறுத்தும், அடிப்பாகம் சற்றே நீள்வட்டமாகவும் கடையப்பட்டிருக்கும். எனவே பிஸ்டனை அதன் அடிப்பாகத்தில், பிஸ்டன் பின்னுக்குக் குறுக்காக, மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். தலையில் அளந்தால் இடைவெளி உள்ளதைவிட அதிகமாகத் தோன்றி ஏமாற்றும்.

லைனரை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், ஒவ்வோரிடத்திலும் கிராங்க் தண்டின் போக்கிலும் அதற்குக் குறுக்கிலும் அளத்தல் வேண்டும். மேல் ரிங் திரும்பும் இடத்தை ஒட்டியே தேய்வு மிகுதியாக இருக்கும். இடைவெளியின் சரியான அளவு தயாரிப்பாளரின் கைப்புத்தகத்தில் காணப்படும். பொதுவாக, சாதாரண அலுமினியப் பிஸ்டனுக்கு விட்டத்தில் அங்குலம் ஒன்றுக்கு ஆயிரத்தில் ஒரு பாகம் என்பது நெடுநாள் வழக்கிலுள்ள கணக்கு. 80 மி.மீ. பிஸ்டனுக்கு இது 0.08 மி.மீ. ஆகும். கைப்புத்தகம் இதனினும் மிகுத்துச் சொன்னால் அதனையே கொள்க.

2. ரிங்கின் வாய் இடைவெளி

ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றுமுன், தனியே லைனருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகக் கொண்டு தள்ளிச் சமமாக நிறுத்துக. பின், அதன் இரு முனைகளுக்கும் நடுவேயுள்ள வாயை, மெல்லிய தகடுகள் கோத்த பீலர் கேஜினால் அளந்திடுக. 80 மி.மீ. ரிங்கின் சுற்றளவு சுமார் 251 மி.மீ. லைனரைவிட அது 100 டிகிரி அதிகச் சூடேறினால் சுமார் 0.28 மி.மீ. நீளும். விட்டத்தில் அங்குலம் ஒன்றுக்கு ஆயிரத்தில் 4 பாகம், அதாவது இவ்வளவுக்கு 0.32 மி.மீ., விடவேண்டும் என்னும் வழக்கிற்கு இதுவே காரணம். வாய் குறுகியிருந்தால் முனைகள் முட்டி, ரிங் லைனரைக் கீறும், ஒடியவும் கூடும். அகன்றிருந்தால் வாயு கசிந்து வலு குறையும். இரண்டிலும் குறுகலே பெருங்கேடு. குறைந்திருப்பின், மெல்லிய அரத்தால் வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக மட்டும் தேய்த்துச் சரிசெய்து, பிசிறுகளை நீக்க வேண்டும்.

பழைய லைனரில் இந்த அளவைக் கீழ்ப்பாகத்தில் எடுத்தல் முக்கியம்; ஏனெனில் அங்கேதான் துவாரம் குறுகியது. அதே ரிங்கை மேற்பாகத்திலும் வைத்து அளந்தால், மைக்ரோமீட்டர் இல்லாமலே தேய்வு விளங்கும். இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தில் உள்ள வேறுபாடு கிடைக்கும். உதாரணமாக, கீழே 0.32, மேலே 0.95 எனில், வித்தியாசம் 0.63, தேய்வு 0.20 மி.மீ. இவ்வளவு தேய்ந்த லைனரில் புது ரிங் பூட்டுவது வீண் செலவேயாகும். லைனரை மாற்றுவதோ, கடைந்து பெரிய அளவுப் பிஸ்டன் பூட்டுவதோதான் முறை.

3. ரிங்கிற்கும் காடிக்கும் உள்ள இடைவெளி

காடியில் படிந்த கரியைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்தபின், ரிங்கின் விளிம்பைக் காடிக்குள் வைத்துச் சுற்றிலும் உருட்டிப் பார்க்க. எங்கும் சிக்காமல் செல்லவேண்டும். பக்கவாட்டு இடைவெளி மேல் ரிங்கிற்குச் சாதாரணமாக 0.04 முதல் 0.10 மி.மீ. வரை இருக்கலாம். புது ரிங் வைத்தும் 0.15 மி.மீ. தகடு நுழையுமானால் காடியே தேய்ந்துவிட்டது என்று அறிக. அப்பிஸ்டனைத் தள்ளிவிடுதலே நலம்.

4. பிஸ்டன் தலைக்கும் ஹெட்டிற்கும் உள்ள இடைவெளி

டீசல் இஞ்சினில் காற்று அமுங்கிச் சூடேறுவதாலேயே எண்ணெய் பற்றுகிறது. ஆகவே இந்த அளவு மிக அவசியம். பிஸ்டன் தலைமேல் மெல்லிய ஈயக் கம்பித் துண்டுகளை வால்வுகளுக்கு அடியில் படாதவாறு வைத்து, ஹெட்டை முறைப்படி முடுக்கி, பிளைவீலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுக. பின்னர் கழற்றி, நசுங்கிய கம்பியின் கனத்தை அளந்து கைப்புத்தகத்துடன் ஒப்பிடுக. 80 மி.மீ. துவாரமும் 110 மி.மீ. வீச்சும் 16.5-க்கு 1 அமுக்கமும் உள்ள இஞ்சினில், இவ்விடைவெளி 1 மி.மீ. கூடினால் அமுக்கம் சுமார் 14.6-ஆகக் குறைந்துவிடும். கசிவை நிறுத்தவென்று இரண்டு காஸ்கெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பவர்கள் இதனைக் கருதவேண்டும். காலையில் இஞ்சின் எளிதில் பற்றாமைக்கு அதுவே காரணமாகலாம்.

கட்டி முடித்தபின்

ரிங்குகளில் எழுத்துக்குறி இருந்தால் அப்பக்கம் மேல்நோக்கி இருக்கவேண்டும். வாய்கள் ஒரே வரிசையில் அமையாமல் சுற்றிலும் பிரிந்திருக்கவேண்டும். முதல் சில மணி நேரம் குறைந்த பாரத்தில் ஓட்டி, கிராங்க் கேஸ் எண்ணெயைச் சீக்கிரமே மாற்றிவிடுதல் நன்று.

எடுத்த நான்கு அளவுகளையும் தேதியுடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்க. பலர் கூட்டாக வைத்திருக்கும் பொது இஞ்சினாயின், கிராம அதிகாரிகள் இக்குறிப்பைப் பெற்ற பின்னரே கூலியைப் பட்டுவாடா செய்வது நலம். அடுத்த முறை பிரிக்கும்போது எவ்வளவு தேய்ந்தது, எதனை மாற்றவேண்டும், எதனை இன்னும் வைத்துக்கொள்ளலாம் என்பதை அக்குறிப்பே தெரிவிக்கும்.