புளித்த மாவும் மறைந்த உழைப்பும்

சமூக வாழ்வின் பொருளியல் அடிப்படையை ஆராய்வோர் நிலத்தையும் கருவியையும் நோக்கிய அளவுக்கு, உணவு புளிக்கும் செயன்முறையை நோக்கினாரல்லர். நந்திக்கடலை அண்டிய வற்றாப்பளை, கண்ணகையம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலால் அறியப்பட்ட ஊர். வயலும் பனையும் அமைந்த இத்தகைய ஊர்களில், வயலின் அரிசியையும் பனையின் கள்ளையும் ஒன்றுசேர்க்கும் உணவு அப்பம். மாவைப் பொங்கவைப்பது கள். அக்கள்ளில் வாழ்வன எவை, அவற்றைப் பேணியோர் யாவர் என்னும் இரு வினாக்களையும் இணைத்தே இங்கு நோக்குகின்றோம்.

பாளையைச் சீவ வடியும் சாறு இனிப்பானது. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் அது கருப்பநீராக நிற்கும். பூசாதுவிடின் சில மணி நேரத்திற் கள்ளாகும். பாளையும் சாறும் ஒன்றே; வேறுபாடு நுண்ணங்கிகளால் நேர்வது. சுண்ணாம்பின் காரத்தன்மை அவற்றின் பெருக்கத்தைத் தடுக்கின்றது. சுண்ணாம்பற்ற முட்டியில், 'சக்கரோமைசெசு செரவிசியே' முதலான மதுவங்கள் வெல்லத்தை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகின்றன. இலத்திரிக்கமிலப் பற்றீரியாக்கள் புளிப்பைத் தருகின்றன. நேற்றைய முட்டியில் ஒட்டியிருக்கும் மண்டி இன்றைய சாற்றுக்கு வித்தாகின்றது. அதே மதுவம் அப்பமாவிற் புகுந்து வாயுவை வெளிவிட, மா பொங்குகின்றது.

புளித்த மாவின் ஒரு பகுதியைப் புதிய மாவுக்கு வித்தாக வைக்கும் மேனாட்டுப் பாண் முறையும் இந்நெறியினதே. சான் பிரான்சிஸ்கோ நகரின் புளிமா பற்றி 1971இல் வெளியான ஆய்வுகள் ஓர் உண்மையைப் புலப்படுத்தின. அம்மாவிலுள்ள மதுவம் மோற்றோசு என்னும் வெல்லத்தைப் பயன்படுத்துவதில்லை. உடனுறையும் பற்றீரியாவோ அதனையே விரும்புகின்றது. எனவே உணவுக்கான போட்டி குறைகின்றது. பற்றீரியா உண்டாக்கும் அமிலத்தை அம்மதுவம் தாங்கிக்கொள்ள, வேற்று நுண்ணங்கிகள் பல விலக்கப்படுகின்றன. இதனைக் கொண்டு இயற்கை ஒத்துழைப்பைப் போதிக்கின்றது என முடிவு செய்தல் பொருந்தாது. நுண்ணங்கிகளின் உறவிலிருந்து சமூகநீதி பிறப்பதில்லை. அது மனிதர் போராடிப் பெறவேண்டியது.

இவ்விடத்திலேயே இரண்டாம் வினா எழுகின்றது. வடபுலத்திற் கள்ளிறக்கும் தொழில் சாதியோடு பிணைக்கப்பட்டிருந்தது. தொழிலாளி இறக்கிய கள் உயர்சாதியினரின் அடுக்களை மாவிற் கலந்தது. அவரோ அவ்வீட்டினுள்ளும் கோயிலினுள்ளும் புக முடியாதிருந்தார். 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடைபெற வேண்டியிருந்தமை இம்முரண்பாட்டின் ஆழத்தைக் காட்டும். பொருளை ஏற்று உழைப்பாளியை விலக்கிய தூய்மைக் கோட்பாடு, அடிப்படையில் உழைப்பின் பயனைக் கவர்வதற்கான கருத்தியலே.

தொழிற்சாலை மதுவம் இவ்வுறவைப் பிறிதொரு வகையில் மாற்றியது. பல உயிர்கள் கூடி வாழ்ந்த வித்துக்குப் பதிலாக, தெரிந்தெடுத்த ஒரே மதுவம் பொதியில் அடைக்கப்பட்டு விலைக்கு வந்தது. இறக்குமதிக் கோதுமையை நம்பிய பாண் அன்றாட உணவாயிற்று. 1980இல் திருகோணமலையில் இயங்கத் தொடங்கிய பெரும் மா ஆலை அந்நிலையை உறுதிப்படுத்தியது. வித்தைத் தாமே பேணியோர் அதனை வாங்குவோராயினர்.

2009 மே மாதத்தில் நந்திக்கடற் கரையே போரின் இறுதிக் களமாயிற்று. போர்க்காலத்திற் பதுங்குகுழிகளுக்காகவும் எறிகணைகளாலும் வடபுலத்தின் பனைகள் பெருந்தொகையாக அழிந்தன. மரம் அழியுமிடத்துச் சாறும், சாற்றோடு முட்டியின் வித்தும், வித்தோடு அதனைப் பேணும் அறிவும் அருகுகின்றன. ஆதலின் நாட்டார் வழக்காற்றியலார் பாடலையும் கதையையும் தொகுப்பதோடு அமையாது, முட்டிக்கு எப்போது சுண்ணாம்பிடுவது, எப்போது தவிர்ப்பது என அறிந்த தொழிலாளரையும் அறிவாளராகக் கொண்டு அவர்தம் அறிவைப் பதிவுசெய்தல் வேண்டும்.