அடையாற்றின் உயிர்கள் – 11: நத்தைக்குள் வாழும் புழு

சென்ற வாரம் உள்ளான்களைப் பார்த்தோம். அவை அலகால் குத்திக் கிளறும் அதே சேற்றில் ஊர்கிற ஒரு நத்தை இந்த வாரம். பழவேற்காடு முதல் பரங்கிப்பேட்டை வரை உப்பங்கழிகளில் இது உண்டு. அடையாறு முகத்துவாரமும் இதன் இடம்தான். கூம்பு வடிவ ஓடு, அதைச் சுற்றி வரிவரியாக முண்டுகள். தண்ணீர் வற்றியதும் சேற்றில் கோடிழுத்தபடி பாசியை மேயும். விலங்கியல் பெயர் பைரெனெல்லா சிங்குலாட்டா.

இந்த நத்தையைத் தட்டைப்புழுக்கள் பிடிக்கும். பறவையின் குடலில் இருக்கும் புழு முட்டையிடுகிறது. எச்சத்தோடு முட்டை சேற்றில் விழுகிறது. அங்கிருந்து நத்தைக்குள் போகிறது. உள்ளே போன புழு முதலில் அழிப்பது நத்தையின் இனப்பெருக்க உறுப்பை. நத்தை சாகாது, மேயும், ஊரும். ஆனால் அது தின்பதெல்லாம் புழுவுக்கு. பிறகு வால் முளைத்த இளம்புழுக்கள் நீரில் இறங்கி, மீனிலோ நண்டிலோ புகுந்து காத்திருக்கும். அதைப் பறவை தின்றால் சுற்று முடிந்தது.

நீரில் இறங்கிய இளம்புழுவுக்குத் தீனி கிடையாது. உடம்பில் உள்ள சேமிப்பு ஒரு நாள் தாங்கினால் பெரிது. அதற்குள் அடுத்த உயிரைப் பிடித்தாக வேண்டும். அதனால்தான் தண்ணீரின் குணம் இதற்கு வாழ்வா சாவா என்கிற விஷயம். சூடு ஏறினால் நத்தையிலிருந்து புழுக்கள் அதிகமாக வெளிவரும். ஆனால் சீக்கிரமே சாகும். வடகிழக்குப் பருவமழையில் உப்பு சட்டென்று இறங்கினால் வெளிவருவதும் பிழைப்பதும் குறையும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ள, கடல்நீர் ஏறி இறங்குவது நின்று, கழிவுநீர் தேங்கும். ஆக்சிஜன் குறைந்து மீன் ஒதுங்கினால் புழுவின் சுற்று அங்கேயே அறுந்துபோகும். 2015 டிசம்பர் வெள்ளம் மணலை அடித்துக்கொண்டு போய் வாயை அகலத் திறந்தது. மணல் திரும்பவும் சேர்ந்தது.

இந்தச் சுற்று மறுபடி கூடினால் என்ன தெரியும்? கலிஃபோர்னியாவின் கார்ப்பின்டீரியா உப்புச் சதுப்பில் ஹஸ்பெனி, லாஃபர்டி என்ற இருவர் செய்த ஆய்வு 2004இல் வெளியானது. சீரமைத்த பகுதியில் ஆறு ஆண்டுகளில் நத்தைகளின் புழுத் தொற்று ஏறக்குறைய நான்கு மடங்கானது. புழு வகைகள் இரட்டித்தன. சதுப்பு கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல இது. பறவைகள் திரும்பி வந்ததன் கணக்கு. நோய் என்று முகம் சுளிக்கிறோமே, அது பறவையும் மீனும் நத்தையும் ஒரே சேற்றில் சேர்ந்து வாழ்வதற்கான சாட்சி. ஒரே வகைப் புழு மட்டும் பெருகியிருந்தால் நான் மகிழ மாட்டேன். பல வகைகள் இருக்க வேண்டும்.

அடையாறு உப்பங்கழியில் 58 ஏக்கர் சீரமைக்கப்பட்டு 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கே வரும் பறவைகளை எண்ணுகிறோம். பறவை இன்று வந்து நாளை பறந்துவிடும். நத்தையோ மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து, பறவை வந்துபோனதைத் தன் உடம்பில் வைத்திருக்கிறது.

இதைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நத்தையைக் கழிநீர் ஊற்றிய கண்ணாடிக் குவளையில் இட்டு விளக்கு வெளிச்சத்தில் சில மணி நேரம் வைத்தால், முதிர்ந்த தொற்று இருக்குமானால் நீரில் தூசிபோல் வால் ஆட்டும் புள்ளிகள் தெரியும். கல்லூரி நுண்ணோக்கி போதும். அந்த நீரில் வெறுங்கை வைக்காதீர்கள்; சில பறவைப் புழுக்கள் மனிதத் தோலில் துளைத்து அரிப்பு உண்டாக்கும்.

மயிலாப்பூர், அடையாறு பகுதிக் கல்லூரிகளின் விலங்கியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முறையான அனுமதி பெற்று, மழைக்கு முன்பும் பின்பும் ஒவ்வோர் ஆண்டும் நத்தைகளில் எத்தனைக்குப் புழுத் தொற்று, எத்தனை வகைப் புழுக்கள் என்ற கணக்கை உங்கள் மாணவர்களை எடுக்க வையுங்கள்.