குடிக்க ஓர் ஊருணி, குளிக்க ஒரு குளம்

செட்டிநாடு வற்றாத ஆறு இல்லாத சீமை. பெய்கிற மழையைப் பிடித்து வைத்தால்தான் கோடையைத் தாண்ட முடியும். அதனால்தான் ஓட்டிலும் முற்றத்திலும் விழும் மழை, வீதி வாய்க்கால் வழியே ஊருணிக்கும் குளத்துக்கும் போய்ச் சேரும்படி இந்தச் சீமையின் வணிகச் சமூகமான நகரத்தார் ஊர்களை அமைத்தார்கள். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்ற பிறகு, மாளிகைகளைப் போலவே இந்த நீர் ஏற்பாட்டையும் பலரும் வியந்து பேசுகிறார்கள். அதைக் காப்பாற்றி வந்த கட்டுப்பாட்டைத்தான் யாரும் பேசுவதில்லை.

குடிநீர் ஊருணியில் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட வேண்டும். குளிக்கத் தனிக் குளம்; மாடு கழுவக் கண்மாய். ஊருணிக்குக் காவலாள் போட்ட ஊர்களும் உண்டு. மொண்டு வந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டி, பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரைத்துத் தெளியவைத்த பிறகே குடித்தார்கள். சுத்தத்தின் பெயரைச் சொல்லி ஒடுக்கப்பட்ட சாதியினரைக் கரையேற விடாத கொடுமையும் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் நடந்தது. அந்த விதி ஒழிய வேண்டியதுதான். அதோடு சேர்த்து, எந்தத் தண்ணீர் எதற்கு என்று பிரித்துவைத்த விதியையும் கைவிட்டதுதான் தவறு.

காலில் இருந்து தண்ணீருக்கு

தண்ணீரைப் பிரித்துவைத்த விதியின் அருமையை நரம்புச் சிலந்தி நோய் உணர்த்தியது. காலில் கொப்புளமாகி வெளிவரும் இந்தப் புழு, தண்ணீர் பட்டதும் ஆயிரக்கணக்கான இளம்புழுக்களை உதிர்க்கும். அவற்றைத் தின்ற நுண்ணிய நீர்ப்பூச்சியை யாராவது குடித்துவிட்டால், ஏறத்தாழ ஓராண்டில் அவர் காலிலும் புழு எட்டிப்பார்க்கும். இதற்குத் தடுப்பூசி கிடையாது. படிக்கிணறுகளில் காலை நனைக்காமல் தடுத்தும், தண்ணீரை வடிகட்டச் சொல்லிக்கொடுத்தும், பூச்சியைக் கொல்ல மருந்திட்டும்தான் ஒழித்தார்கள். நாட்டின் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000-ல் இந்தியா இந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது.

சட்டம் இருக்கிறது, ஆள் இல்லை

குழாய்த் தண்ணீர் வந்த பிறகு ஊருணியை எட்டிப்பார்க்க வேண்டிய தேவை குறைந்தது. மழைநீர் வந்த வாய்க்காலில் பல ஊர்களில் சாக்கடை வருகிறது. பொதுக் குளங்களில் எதைக் குடிக்க, எதைக் குளிக்க, எதைக் கால்நடைக்கு என்று ஒதுக்கும் அதிகாரம் ஊராட்சிச் சட்டத்தில் இருக்கிறது. குளிக்கும் நீர்நிலையில் 100 மில்லி தண்ணீருக்குக் கோலிஃபார்ம் கிருமி 500-க்கு மேல் போகக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். ஓர் ஊர்க் குளத்தில் இன்று அந்த எண் எவ்வளவு என்று கேட்டால், படித்துறையில் நிற்கும் யாருக்கும் தெரியாது.

கிருமியைவிட அவசரமான ஆபத்து ஆழம். கண்மாயில் சவுடு மண் அள்ளிய பள்ளம் மழை பெய்ததும் மறைந்துவிடும். முழங்கால் தண்ணீரில் நடக்கிற பையன் அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும் குழியில் விழுவான். உலகம் முழுக்க 2021-ல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

நீலத் தண்ணீரும் சும்மா இல்லை

பழைய வீடுகள் விடுதிகளாக மாறியதோடு செட்டிநாட்டுக்கு நீச்சல் குளமும் வந்துவிட்டது. நீலமாக இருப்பதாலேயே அது சுத்தம் என்று சொல்ல முடியாது. மூக்கைத் துளைக்கும் ‘குளோரின் வாடை’ பெரும்பாலும் குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்ததால் வருவது. இறங்குவதற்கு முன் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்வது அதனால்தான். குளோரின் அளவையும் அமில-காரத் தன்மையையும் தினமும் சோதித்து, எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைக்க வேண்டும். ஆனால் இதே மருந்தை ஊருணியில் கொட்டினால் தீராது. கலங்கல் தண்ணீரில் உள்ள சேறும் பாசியும் பிளீச்சிங் பவுடரின் வேகத்தைத் தின்றுவிடும். மிச்சத்தை வெயில் போக்கிவிடும். சாக்கடையைத் திருப்பிவிடுவதுதான் அங்கே மருந்து.

தேங்கிய தண்ணீரில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2024-ல் கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபாவால் சிறுவர்கள் இறந்தார்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் அந்தக் கிருமி குடிப்பதால் தொற்றாது. மூக்கின் வழியாகத்தான் மூளைக்குப் போகும். தேங்கிய தண்ணீரில் தலைகுப்புறக் குதிக்காதே, மூக்கில் நீர் ஏறவிடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நல்லது.

2024 ஆகஸ்டில் செட்டிநாட்டின் காரைக்குடி மாநகராட்சியானது. பெரிய நிதி வேண்டாத சில வேலைகளை அது உடனே தொடங்கலாம். குளிக்கும் துறையைத் தனியே குறிக்கலாம். ஆழத்தைக் கல்லில் எழுதலாம். கரையில் ஒரு நீளக் கழியும் கயிறும் காற்றடைத்த டியூபும் தொங்கவிடலாம். மாதந்தோறும் தண்ணீரைச் சோதித்து முடிவைப் பலகையில் எழுதலாம். சுற்றியுள்ள பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் இதையே செய்யலாம். ‘இங்கே குளிக்காதீர்’ என்ற பலகையை மட்டும் நட்டுவிட்டுப் போனால் பயனில்லை. அதன் கீழே பொறுப்பாளரின் பதவியும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். பழைய ஊருணிக் கட்டுப்பாடு நிலைத்ததற்குக் காரணம், மீறினால் கேட்க ஓர் ஆள் இருந்ததுதான்.