நிலத்தடி எண்ணெய்த் தாங்கி: தோண்டி எடுத்த பின்பும் கவனம் தேவை

நியூ ஜேர்சியில் பழைய வீடு வாங்கும் எமது குடும்பங்கள் பலவற்றுக்கு, முற்றத்தில் எண்ணெய்த் தாங்கி புதைந்திருப்பது வீடு வாங்கும் நேரத்தில்தான் தெரிய வருகிறது. எரிவாயுக் குழாய்கள் வருவதற்கு முன்பு, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெயை 550 அல்லது 1,000 கேலன் கொள்ளும் இரும்புத் தாங்கிகளில் நிரப்பி நிலத்தில் புதைத்து வைத்தார்கள். ஈரமண்ணில் கிடக்கும் இரும்பு துருப்பிடித்து, நாளடைவில் ஓட்டை விழும். தாங்கியை வெளியே எடுத்துவிட்டாலும், அதற்கு முன் கசிந்த எண்ணெய் மண்ணிலேயே இருக்கும்.

உடலுக்குள் எப்படி வருகிறது?

மண்ணில் எண்ணெய் இருப்பதால் மட்டும் நோய் வராது. அது நம்மை வந்தடைய ஒரு வழி வேண்டும். வழிகள் மூன்று.

1. மூச்சு: எண்ணெயின் ஆவி அத்திவாரத்து வெடிப்புகள் ஊடாக நிலவறைக்குள் வரலாம். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் உண்டாகும். வீட்டை விட்டு வெளியே போனால் குறைகிறது என்றால் சந்தேகப்படுங்கள்.

2. குடிநீர்: எண்ணெய் நிலத்தடி நீரை அடைந்தால், சொந்தக் கிணறு உள்ள வீடுகளுக்கு ஆபத்து. நகரக் குழாய் நீர் பாவிப்போருக்கு இந்தக் கவலை மிகக் குறைவு.

3. கையும் வாயும்: மண்ணில் விளையாடும் சிறுவர்களும், வீட்டுத் தோட்டத்தில் கீரையும் கிழங்கும் பயிரிடுவோரும் கவனிக்க வேண்டியது இது.

இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சீன், பெற்றோலில்தான் அதிகம். வீட்டு எண்ணெயில் மிகக் குறைவு. ஆனாலும் நியூ ஜேர்சியில் குடிநீரில் பென்சீன் ஒரு லீற்றருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அமெரிக்க மத்திய அரசின் எல்லை 5 மைக்ரோகிராம்.

"டொக்டர், இரத்தம் சோதிக்கலாமா?" என்று பலர் கேட்பார்கள். பென்சீன் ஓரிரு நாட்களில் உடலை விட்டு வெளியேறிவிடும். சாதாரண இரத்தப் பரிசோதனை இதைக் காட்டாது. சோதிக்க வேண்டியது மண்ணையும் கிணற்று நீரையும்தான்.

மண் பரிசோதனை

தாங்கியில் ஓட்டை இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்வது போதாது. குழி மூடப்படுவதற்கு முன், அதன் அடியிலும் பக்கங்களிலும் மண் மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். முடிவு வந்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எண்ணெய் எவ்வளவு? எவ்வளவு ஆழம் போயிருக்கிறது? நிலத்தடி நீர் எவ்வளவு கிட்ட இருக்கிறது? இலக்கம் ஒன்றே என்றாலும், பத்தடி ஆழத்தில் இருப்பதும் பிள்ளை விளையாடும் மேல்மண்ணில் இருப்பதும் ஒன்றல்ல.

கசிவு கண்டால் மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு (1-877-927-6337) உடனே அறிவிக்க வேண்டும். துப்புரவு முடிந்தபின் "மேலும் நடவடிக்கை தேவையில்லை" என்ற கடிதத்தை அவர்கள் தருவார்கள். வீட்டுப் பத்திரத்தோடு அதைப் பத்திரமாக வையுங்கள், விற்கும்போது கேட்பார்கள்.

சுன்னாகம் தரும் பாடம்

யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்ததை நம்மில் பலர் அறிவோம். வலிகாமத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் எண்ணெய் வேகமாகப் பரவும். மக்களோ பெரும்பாலும் கிணற்று நீரையே நம்பியிருந்தார்கள். 2019இல் இலங்கை உயர் நீதிமன்றம், மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் மக்களுக்கு 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நட்டஈடு வந்தாலும் கெட்ட கிணறு எளிதில் திருந்தாது. முற்றத்துத் தாங்கி அதனோடு ஒப்பிட மிகச் சிறியது. ஆனாலும் எண்ணெய் நீரை அடையுமுன் தடுப்பதே இலகு.

நீங்கள் செய்யக்கூடியவை

• வீடு வாங்கும் ஒப்பந்தம் உறுதியாகுமுன் தாங்கி தேடும் பரிசோதனை செய்யுங்கள். நிலத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய குழாய், நிலவறைச் சுவரில் வெட்டிய செப்புக் குழாய் ஆகியவை அடையாளங்கள்.
• தாங்கி முன்பே எடுக்கப்பட்டிருந்தால் மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.
• கிணறு இருந்தால் நீரைச் சோதியுங்கள். வீடு கைமாறும்போது இது 2002 முதல் இங்கு சட்டப்படி கட்டாயம்.
• முடிவு தெரியும்வரை, புதுமண் நிரப்பிய உயரமான பாத்திகளில் மட்டும் காய்கறி நடுங்கள்.
• நிலவறையில் எண்ணெய் மணம் வந்தால் யன்னல்களைத் திறந்து, கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் அங்கு போகவிடாதீர்கள்.

இது பொதுவான விளக்கம் மட்டுமே. உடல்நலக் குறைவு இருந்தால் உங்கள் குடும்ப வைத்தியரிடம் வீட்டின் எண்ணெய்த் தாங்கி பற்றியும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் அதைக் கேட்க நினைக்கமாட்டார்.